ஓடினால் ஞாபகம் திரும்புமா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். 28 வயதாகும் என் மகன், செம்பனை ஆலையில் லாரிகளை எடை போடும் இடத்தில் கணக்கு எழுதி வந்தான். பத்து மாதங்களுக்கு முன், இரவு வேலை முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும்போது விபத்தில் தலையில் பலத்த அடி. ஈப்போவில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்தான். மருத்துவமனையில் ஒருமுறை வலிப்பு வந்தது. பிறகு வரவில்லை, மாத்திரை தொடர்கிறது. இப்போது நடக்கிறான், பேசுகிறான். ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் நினைவில் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் எரிந்து விழுகிறான். பாதி நாள் படுத்தே இருக்கிறான். ஓடினால் மூளை வளரும் என்று ஒரு காணொலியைக் காட்டிய என் தங்கை மகன், பழைய டிரெட்மில் ஒன்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டான். என் மாமியாரோ, தலையில் அடிபட்டவனை அசைக்கவே கூடாது என்கிறார். தைப்பூசத்துக்கு அவன் பால்குடம் எடுப்பதாக வேறு வேண்டிக்கொண்டிருக்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது? ஓடினால் என் பிள்ளைக்கு ஞாபகம் திரும்புமா?

பதில்: அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் உடலை அசைக்க வேண்டும். ஆனால் ஓட்டத்தில் தொடங்கக் கூடாது, நடையில் தொடங்க வேண்டும். முறையாகச் செய்தால் அவருடைய மூச்சுத்திறன் கூடும் என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். உறக்கமும் மனநிலையும் சீராகவும், பகலில் படுக்கும் நேரம் குறையவும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. கவனமும் சிந்தனையின் வேகமும் ஓரளவு மேம்படலாம். ஆனால் போன ஞாபகத்தை ஓட்டம் திருப்பிக் கொண்டுவரும் என்று யாராவது உறுதி சொன்னால், அது இன்றைய மருத்துவத்தின் கையில் இல்லாத உறுதி. இந்த ஆறு வாக்கியங்களுக்குள் உங்கள் மாமியாருக்கும் தங்கை மகனுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஏன் என்பதை விளக்குகிறேன்.

மோட்டாரிலிருந்து விழும்போது தலை ஒரே நொடியில் நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் மூளை உடனே நிற்பதில்லை. மண்டையோட்டின் அடித்தளத்தில் கரடுமுரடான எலும்பு விளிம்புகள் உண்டு. நெற்றிப் பக்கத்து மூளையும் காதுப் பக்கத்து மூளையும் அவற்றின்மேல் உரசிக் கன்றிப்போகின்றன. அத்தோடு, மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. கை கால்களை இயக்கும் பகுதி பெரும்பாலும் தப்பிவிடுவதால், ஆறு மாதத்தில் அவர் நடப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் குணமாகிவிட்டது என்கிறார்கள். அறுந்த இழைகள் செய்துகொண்டிருந்த வேலை வேறு: கேட்டதை விரைவாகப் புரிந்துகொள்வது, இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருப்பது, எரிச்சலை அடக்குவது, அடுத்து என்ன செய்வதென்று திட்டமிடுவது. பாலம் உடைந்த தோட்டத்தில் லாரிகள் சுற்றுவழியாகப் போவதுபோல, இப்போது அவருடைய சிந்தனை சுற்றிப் போகிறது. போய்ச் சேருகிறது, ஆனால் தாமதமாகவும், அதிக எரிபொருள் செலவிலும்.

இரண்டு பேர் சேர்ந்து பேசும்போது அவர் எரிந்து விழுவதன் காரணம் இதுதான். முதல் ஆள் சொன்னதை அவர் இன்னும் உள்வாங்கிக்கொண்டிருக்கையில் இரண்டாவது ஆள் தொடங்கிவிடுகிறார். ஞாபகமறதி என்று நீங்கள் எழுதியிருப்பதிலும் ஒரு பகுதி இப்படிப்பட்டதாக இருக்கலாம். நீங்கள் காலையில் தொலைக்காட்சி ஓடும்போது, அடுப்படியிலிருந்து குரல் கொடுத்துச் சொன்ன செய்தி அவர் மூளைக்குள் சரியாகப் பதியவே இல்லை என்றால், மத்தியானம் அதைத் தேடி எடுக்க எந்த மருந்தாலும் முடியாது. பகலில் படுப்பதைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போதே உடலின் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. அடிபட்ட மூளை அதே வேலைக்குக் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால் வரும் அந்தக் களைப்பு உண்மையான களைப்பு.

உங்கள் மாமியார் சொல்வது, காயம் பட்ட முதல் நாட்களுக்குச் சரியான பேச்சுதான். 2004இல் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்து ஆய்வாளர்கள், மூளைக் காயம்பட்ட எலிகளுக்குச் சுழலும் சக்கரத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். காயம்பட்ட உடனேயே, முதல் வாரத்தில் ஓடிய எலிகளுக்கு நன்மை கிடைக்கவில்லை. கற்கும் திறன் பின்தங்கவும் செய்தது. இரண்டு வாரம் பொறுத்து ஓடவிட்ட எலிகளுக்கோ, நரம்பணுக்களைப் பேணி வளர்க்கும் பி.டி.என்.எஃப் என்ற புரதம் மூளையில் கூடியது, கற்றலும் மேம்பட்டது. ஆக, ஓய்வுக்கு ஒரு காலம் உண்டு. பத்து மாதம் கடந்தபின் அந்தக் காலம் முடிந்துவிட்டது. லேசான தலைக்காயத்துக்கே இருட்டறையில் பல நாள் படுக்க வைக்கும் பழைய வழக்கத்தை மருத்துவ உலகம் கைவிட்டுவிட்டது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டுத் தலைக்காய வல்லுநர்கள், முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்கு மட்டும் வேலையைக் குறைத்துக்கொண்டு, பிறகு அறிகுறிகள் அதிகமாகாத அளவில் நடையையோ சைக்கிளையோ தொடங்கலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்குமுன், 2019இல் வெளியான ஓர் ஆய்வில், விளையாட்டின்போது தலையில் அடிபட்ட பதின்ம வயதினர் 103 பேரில், நடை, சைக்கிள் போன்ற மூச்சு வாங்கும் பயிற்சியை அளவோடு செய்தவர்கள் நடுக்கணக்கில் 13 நாளிலும், தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாளிலும் குணமடைந்தார்கள். உங்கள் மகனுடையது லேசான காயம் இல்லை. அந்த நாள்கணக்கை அவருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அசையாமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

படுக்கை, அதன் பங்குக்கு, இன்னொரு நோயைக் கொண்டுவருகிறது. வாரக்கணக்கில் மருத்துவமனையிலும் மாதக்கணக்கில் வீட்டிலும் கிடந்தவரின் இதயமும் தசைகளும் பழைய திறனை இழந்துவிடுகின்றன. கடுமையான தலைக்காயத்திலிருந்து மீண்டவர்களின் மூச்சுத்திறனை அளந்தால், அதே வயதுடைய மற்றவர்களைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். அப்படிப்பட்டவருக்குக் கடைத்தெரு வரை நடந்து வருவதே அன்றைய சக்தியில் பெரும்பங்கைத் தின்றுவிடும். சிந்திக்க மிஞ்சுவது சொற்பம். களைப்பால் படுக்கிறார், படுப்பதால் இன்னும் களைக்கிறார். இந்தச் சுழலை உடைப்பதற்காகவே நான் மூச்சு வாங்கும் இந்தப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். மூளையில் புதிய அணுக்கள் முளைக்கின்றனவா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

இனி, காணொலி. அதில் சொல்லப்படுபவை பெரும்பாலும் பொய்யாக இருக்காது. வேறு யாரைப் பற்றிய உண்மை என்பதைத்தான் சொல்லாமல் விட்டிருப்பார்கள். 1999இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில், சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் புதிய நரம்பணுக்கள் அதிகம் உருவானது கண்டறியப்பட்டது. 2011இல் வெளியான ஆய்வில், 120 முதியவர்களில் ஒரு பாதியினர் ஓராண்டு முழுக்க வாரம் மூன்று நாள் நடந்தார்கள். அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்தது, நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சற்றுச் சுருங்கியது. நல்ல செய்திதான். ஆனால் அந்த முதியவர்கள் தலையில் அடிபட்டவர்கள் அல்லர்.

கடுமையான காயத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்த ஆய்வுகள் சிறியவை. 2015இல் வெளியான ஒன்றில், தலைக்காயம் பட்டு நாளான ஏழு பேர் 12 வாரம், வாரம் மூன்று முறை, அரை மணி நேரம் டிரெட்மில்லில் கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய சிந்தனை வேகமும் கவனத்தை மாற்றும் திறனும் சோதனைகளில் உயர்ந்தன. ஆனால் ஏழே பேர். பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. 2017இல் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு, 399 பேர் பங்கேற்ற எட்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியபோது, பயிற்சியால் இதய, மூச்சுத் திறன் கூடுகிறது என்பதற்கே ஓரளவு ஆதாரம் கிடைத்தது. மற்றவற்றில் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. நம்பிக்கை தேடி எழுதிய ஒரு தாயிடம் இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால், மூன்று மாதம் நடந்தும் ஞாபகம் வரவில்லையே என்று மனமுடைந்து நிறுத்திவிடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தவறான அளவுகோலைக் கையில் எடுத்ததுதான் அங்கே நடந்த கோளாறு.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறுவை சிகிச்சையின்போது மண்டையோட்டு எலும்பை எடுத்திருந்தால், அதைத் திரும்பப் பொருத்திவிட்டார்களா? இல்லையென்றால் விழுவதற்கு வாய்ப்புள்ள எந்தப் பயிற்சியும் இப்போது வேண்டாம். நடைக்கும் பாதுகாப்புத் தலைக்கவசம் தேவைப்படலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் உண்டா, இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தலைக்காயம் சிலருக்கு, மூளையின் அடியில் இருந்து ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியையும் பாதிக்கும். அப்போது என்ன செய்தாலும் களைப்பு தீராது, இரத்தப் பரிசோதனை அதைக் கண்டறிய உதவும். வலிப்பு மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது லெவெடிராசெட்டம் என்றால், சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் அதுவே கூட்டும். பெனிடோயின் என்றால், அளவு கூடினால் நடை தள்ளாடும், மந்தமாகவும் இருக்கும். மருத்துவர் மாற்றித் தரலாம். ஆனால் எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த வலிப்பு திரும்ப வரக்கூடும்.

உடற்பயிற்சி வலிப்பைத் தூண்டும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. மிதமான பயிற்சியால் பெரும்பாலோருக்கு அப்படி நடப்பதில்லை. உறக்கமின்மையும் மாத்திரையை மறப்பதும் மதுவும்தான் பெரிய எதிரிகள். இருந்தாலும், கடுமையான காயத்துக்குப் பிறகு ஐந்து ஆண்டுக்குள் பத்தில் ஒருவருக்கு வலிப்பு வருவதாக நீண்டகால ஆய்வு ஒன்று காட்டியிருப்பதால், நடக்கும்போது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியையோ இரும்பையோ திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999க்கு அழையுங்கள். இதே காரணத்தால் ஆற்றிலோ குளத்திலோ நீந்துவதும், சாலையில் சைக்கிள் ஓட்டுவதும் இப்போதைக்கு வேண்டாம்.

மருத்துவர் சரி என்றதும், இடத்தைத் தேர்ந்தெடுங்கள். செம்பனைக் காட்டுப் பாதை நிழலாக இருந்தாலும் எனக்கு அதில் விருப்பமில்லை. வெட்டிப் போட்ட மட்டைகள், செம்மண் பள்ளங்கள், குலை ஏற்றிவரும் டிராக்டர், நாய்கள் என்று ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனிக்க வேண்டியிருக்கும். அவருக்கு இப்போது இல்லாததே அந்தத் திறன்தான். தோட்டத்துப் பந்துத் திடலோ தமிழ்ப்பள்ளித் திடலோ நல்லது. முழு அளவுப் பந்துத் திடலின் சுற்றளவு ஏறத்தாழ 350 மீட்டர்; மூன்று சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். வெளிச்சம் வந்ததும், எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் இடிமழை வந்து திட்டத்தைக் கெடுத்துவிடும், அப்போது களைப்பும் சேர்ந்திருக்கும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்.

முதல் நாள் இப்படிச் செய்து பாருங்கள். காலையில் படுக்கையிலிருந்து எழுமுன், மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணுங்கள். 76 என்று வைத்துக்கொள்வோம். வயது 28 என்பதால் 220இலிருந்து 28ஐக் கழித்தால் 192. அது தோராயமான உச்சத் துடிப்பு. 192க்கும் 76க்கும் உள்ள வித்தியாசம் 116. அதில் 30 முதல் 40 விழுக்காட்டை 76உடன் கூட்டினால் 111 முதல் 122 வரை வருகிறது. முதல் இரண்டு வாரம் இதற்குள் இருந்தால் போதும். திடலில் நடந்தபடியே நிமிடம் முழுக்க எண்ண முடியாது. நின்று 15 விநாடி எண்ணினால் 28 முதல் 30 துடிப்பு இருக்க வேண்டும். பிறகு மெல்ல 40 முதல் 60 விழுக்காட்டுக்கு, அதாவது 122 முதல் 146 வரை கொண்டுபோகலாம். 15 விநாடிக்கு 31 முதல் 36 துடிப்பு. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் புரோப்ரனலோல் போன்ற மாத்திரை கொடுத்திருந்தால் துடிப்பு அவ்வளவாக உயராது, இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். அப்போது பேச்சைக் கவனியுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதாது என்ற நிலைதான் மிதமான பயிற்சி.

முதல் வாரம் பத்து நிமிடம், வாரத்தில் நான்கு நாள். ஐந்து நிமிடம் நடந்து, உட்கார்ந்து, மறுபடி ஐந்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். வாரத்துக்கு மூன்று நான்கு நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் ஆறு ஏழு வாரத்தில் அரை மணி நேரத்தை எட்டிவிடலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, உடற்குறை உள்ளவர்களையும் சேர்த்து, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியைச் சொல்கிறது. அது போய்ச் சேரவேண்டிய இடம். தொடங்கும் இடம் இல்லை.

கூட நடப்பவர் தூரத்தைவிட முகத்தை அதிகம் கவனிக்க வேண்டும். அளவு மீறும்போது மூச்சு வாங்குவதற்கு முன்பே வேறு அடையாளங்கள் தெரியும்: பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் நீளும், ஒரு கால் லேசாகத் தரையைத் தேய்க்கும், கண்களைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்திலிருந்து முகத்தைத் திருப்புவார், “ம்” என்ற ஒற்றைச் சொல்லில் பேச்சு நின்றுவிடும். அங்கேயே நிறுத்தி நிழலில் உட்கார வையுங்கள். தலைவலியைப் பத்துக்கு எத்தனை என்று முன்னும் பின்னும் கேளுங்கள். இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினாலோ, ஏறியது ஒரு மணி நேரத்தில் இறங்காவிட்டாலோ, அடுத்த முறை அளவைக் குறையுங்கள். முதலாளிமார் கணக்குப் பார்ப்பதுபோல அன்றன்றைக்கே முடிவு கட்டிவிடாமல், மறுநாள் காலை எப்படி எழுகிறார் என்பதையும் பார்த்தே கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானியுங்கள். வாந்தி, கடும் தலைவலி, புதிதாக ஒரு பக்கம் பலவீனம், நெஞ்சுவலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நடக்கும்போது நிறைய பேசிக்கொண்டு போக வேண்டாம். நடையும் பேச்சும் சேர்ந்தாலே அவருக்கு இரண்டு வேலை. நடை தானாக வரத் தொடங்கிய பிறகு, இரண்டாம் மாதத்தில், சுற்றுக்களை எண்ணச் சொல்லலாம். பிறகு 100இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லலாம். எண்ணும்போது கால் தடுமாறினால் எண்ணிக்கையை நிறுத்துங்கள், நடையை நிறுத்த வேண்டாம்.

டிரெட்மில்லைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நம் கால் நின்றாலும் அந்தப் பட்டை நிற்காது. கவனம் ஒரு நொடி சிதறினால் பின்னால் தள்ளிவிடும், இரண்டாவது முறை தலையில் அடிபடுவதை எப்படியும் தவிர்த்தாக வேண்டும். பிசியோதெரபி பிரிவில் இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டி, பக்கத்தில் ஆள் நின்று செய்வது வேறு. மழை நாளுக்கு வீட்டில் ஒரு கருவி வேண்டுமென்றால், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் பாதுகாப்பானது; தங்கை மகனிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். பந்தில் தலையால் முட்டுவது, செப்பாக் தக்ராவ், நண்பர்களோடு ஃபுட்சால் எல்லாம் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம்.

நடையோடு சேர்த்துச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காணொலிகளில் இது வராது. மூளைக்காய மறுவாழ்வில் ஆதாரம் வலுவாக உள்ளவற்றில் ஒன்று குறிப்பேடு. ஒரே ஒரு நோட்டு, எப்போதும் ஒரே இடம், கைத்தொலைபேசியில் மணி அடிக்கும் நினைவூட்டல். அவருக்குச் சொல்ல வேண்டியதைத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு செய்தியாகச் சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்து, அவர் கையாலேயே எழுத வையுங்கள். நடந்து முடித்து, குளித்து, பசியாறிய பின் வரும் அந்த ஒரு மணி நேரம் பலருக்குத் தெளிவாக இருக்கும். தலை சம்பந்தப்பட்ட வேலையை அப்போது வையுங்கள். அவருடைய பழைய வேலையே நல்ல பாடம். ஏற்றிவந்த லாரியின் மொத்த எடை, காலி லாரியின் எடை, இரண்டையும் கழித்தால் குலையின் நிகர எடை. ஆலையில் பழைய எடைச் சீட்டுகள் கிடைத்தால், இல்லாவிட்டால் நீங்களே பத்து எண்களை எழுதிக்கொடுத்து, முதலில் நேரக் கணக்கில்லாமல், பிறகு கடிகாரம் வைத்துக் கழிக்கச் சொல்லுங்கள். எத்தனை சரி, எவ்வளவு நேரம் என்பதை நோட்டில் எழுதிவைத்தால், முன்னேற்றம் ஊகமாக இல்லாமல் எண்ணாக நிற்கும்.

மனத்தையும் கொஞ்சம் பாருங்கள். தலைக்காயத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு முதல் ஆண்டில் மனச்சோர்வு நோய் வருவதாக 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. பாதி நாள் படுத்திருப்பதில் அதற்கும் பங்கு இருக்கலாம். நடை இதற்கு உதவும்; ஆனால் சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல், சாவைப் பற்றிப் பேசினால் நடையை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நண்பர்கள் ஆறுதலாகப் பியரோ சம்சுவோ வாங்கிக் கொடுப்பது நம் தோட்டங்களில் நடக்கிற காரியம்தான். இவருக்கு ஒரு வாய் கூட வேண்டாம். வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடட்டும், தடையில்லை. ஞாபகசக்திக்கு என்று விற்கும் மாத்திரைகளை வாங்கு முன், வலிப்பு மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று மருந்தாளரைக் கேளுங்கள்.

தைப்பூச வேண்டுதலைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் முரசுச் சத்தம், நெரிசல், வெயில், வெறும் வயிறு, முந்தின இரவின் விழிப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்வது அவருடைய மூளைக்கு இன்றைய நிலையில் மிக அதிகம். இவ்வாண்டு நீங்கள் பால்குடம் எடுங்கள். அவர் கூட்டம் வருமுன் விடியற்காலையில் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பட்டும். விரதம் இருந்தாலும் மாத்திரை வேளை தவறக் கூடாது. திடலில் அரை மணி நேரம் சிரமமில்லாமல் நடக்கும் நிலை வந்து, கூட்டச் சத்தத்தையும் தாங்கப் பழகிவிட்டால், அடுத்த ஆண்டு அவரே எடுக்கலாமா என்று மருத்துவரோடு கலந்து பேசலாம். அவருக்கு முன்னால் ஓர் இலக்கு இருப்பதும் நல்லதே.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நடந்த விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குப் போய்வரும் பயணத்தில் நேரும் விபத்தும், தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பாதுகாப்பில் அடங்கும். ஆலை நிர்வாகம் அதைத் தெரிவித்ததா, கோரிக்கை பதிவாகியிருக்கிறதா என்று சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள். போலீஸ் புகாரின் நகலையும் மருத்துவச் சான்றுகளையும் கொண்டுபோங்கள். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் ஒன்றை அவர்கள் 2007 முதல் நடத்துகிறார்கள். மலாக்காவில் அவர்களுடைய மறுவாழ்வு மையமும் இருக்கிறது. அங்கே பிசியோதெரபியோடு, கவனம், ஞாபகம், வேலைத்திறன் ஆகியவற்றையும் சோதித்து, அவர் எடை போடும் இடத்துக்கே திரும்பலாமா, குறைந்த நேர வேலையில் தொடங்க வேண்டுமா என்று ஆலோசனை சொல்வார்கள். மோட்டார் ஓட்டுவது பற்றியும் அந்தச் சோதனைக்குப் பிறகு மருத்துவர் முடிவு செய்யட்டும். அதுவரை பின்னால்கூட ஏற்ற வேண்டாம்.

அடுத்த முறை ஈப்போவுக்குப் போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள். நடந்த நிமிடங்கள், துடிப்பு, பகலில் படுத்த நேரம், எடைக் கணக்கில் எத்தனை சரி என்று நான்கு பத்திகளாக 12 வாரம் எழுதி வைத்திருந்தால், மருத்துவர் மாத்திரையை மாற்றுவதற்கும் பிசியோ பயிற்சியைக் கூட்டுவதற்கும் அந்தப் பக்கங்களைப் பார்த்தே முடிவெடுக்க முடியும்.